கொழும்பு பேர வாவிப் பக்கம் போறீங்களா? மலையகத்துல இருந்து அடிக்கடி கேக்குற கேள்விகள்

பதினோரு வருஷம் புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில நின்னேன், இப்ப ஹட்டன் பக்கம் வீட்டோட இருக்கேன். லீவு வந்தா போதும், தோட்டத்துல யாராச்சும் ஒருத்தர் போன் போட்டு அண்ணே கொழும்புக்கு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறோம் எங்க காட்டுறதுன்னு கேப்பாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் பேர வாவியச் சுத்திப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். ஒரே கேள்விய பத்து பேரு கேக்குறாங்க, அதான் எல்லாத்துக்கும் சேத்து எழுதி வச்சிருக்கேன்.

பேர வாவின்னா எது? அங்க அப்படி என்ன இருக்கு?

கொழும்பு கோட்டைக்கும் கொம்பனித்தெருவுக்கும் நடுவுல கெடக்குற ஏரி. போர்த்துக்கேயர் காலத்துல கோட்டைக்குக் காவலா தண்ணி தேக்கினது, பொறவு ஒல்லாந்தர் பெருசாக்கினாங்க. வெள்ளைக்காரன் காலத்துல கரையெல்லாம் சாமான் அடுக்கி வைக்கிற ஸ்டோரும் பட்டறையும் ரயில் சாமான் ஷெட்டுமா ஆயிருச்சு. ஒரு காலத்துல 165 ஹெக்டேயர் இருந்த ஏரி, நிரப்பி நிரப்பி இன்னைக்கு 65 ஹெக்டேயர் அளவுலதான் நிக்குது. கடைசி பத்து பதினஞ்சு வருஷத்துல கரைய சுத்தமாக்கி நடைபாதை போட்டு, ஒரு பக்கம் தாமரைக் கோபுரம், ஒரு பக்கம் மிதக்கும் சந்தை, இன்னொரு பக்கம் வானம் முட்டுற ஹோட்டல்னு எடமே மாறிப்போச்சு. அழுக்குத் தண்ணின்னு மூக்கப் பொத்திட்டு ஓடுன எடத்துல இப்ப குடும்பம் குடும்பமா உக்காந்து போட்டோ எடுக்குறாங்க.

காலிமுகத்திடல் போனா கடலப் பாக்கலாம். நம்ம ஆளுங்க ஏன் இந்த ஏரியப் போய் பாக்கணும்?

இதுக்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

எங்க அம்மாயி வீட்டுல அரிசி போட்டு வைக்க ஒரு பலகைப் பெட்டி இருந்துச்சு. பழைய தேயிலைப் பெட்டி. ஓரமெல்லாம் தகரப் பட்டி வச்சு சின்ன சின்ன ஆணி அடிச்சிருக்கும், உள்ளுக்க வெள்ளித்தாள் கிழிஞ்சு தொங்கும், வெளியில கறுப்பு மையில தோட்டத்துப் பேரு, ஒரு நம்பர், தூளோட ரகத்தச் சொல்ற பி.ஓ.பி.ன்னு மூணு இங்கிலீஷ் எழுத்து, கீழ சிலோன்னு இருக்கும். அதுல கைய விட்டா அரிசி வாசத்தோட லேசா தூள் வாசமும் வரும். தாத்தா இஸ்டோருல, அதான் தோட்டத்து தேயிலை பேக்டரியில, பெட்டி அடிக்கிற வேல பாத்தவரு, தூள அள்ளிப் போட்டு பெட்டிய மிசின்ல வச்சு குலுக்கி எறங்க வச்சு ஆணி அடிச்சு வண்டியில ஏத்துவாங்களாம். அதுக்குப் பொறவு பெட்டி எங்க போகும் தாத்தான்னு கேட்டா, கொழும்புக்குப் போகும்பாரு, அவ்வளவுதான். அவரு கொழும்ப ஒரு தடவகூடப் பாத்ததில்ல.

அந்தப் பெட்டி போன எடம்தான் இது. மலையில இருந்து ரயில்ல எறங்கின தேயிலைய இந்த ஏரிக்கரை ஸ்டோருங்கள்ல அடுக்கி வைப்பாங்க, அங்கருந்து தட்டைப்படகுல ஏத்தி மதகுக் கதவு வச்ச கால்வாய் வழியா துறைமுகத்துக்குக் கொண்டுபோயி கப்பல்ல ஏத்துவாங்க. கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துல 1867ல தேயிலை போட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிக்கிறோம், கொழும்புல தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் தேதி தொடங்கினது எத்தன பேருக்குத் தெரியும்? அந்த ஏலம் பொறவு வருஷக்கணக்கா நடந்த வர்த்தக சம்மேளனக் கட்டிடம் இந்த ஏரிய ஒட்டின நவம் மாவத்தையிலதான் இருக்கு. 2020 ஏப்ரல்ல கொரோனா வந்தப்ப ஏலத்த கம்ப்யூட்டருக்கு மாத்திட்டாங்க.

தேயிலைக்கு முன்ன கோப்பி. அதையும் மலையில பறிச்சு இங்க கொழும்பு ஸ்டோருல காய வச்சு பொறுக்கித்தான் அனுப்பினாங்க, பொறுக்கினதும் பொம்பளைங்கதான். கோப்பிக்கு 1869ல இலை நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சது, அந்த எடத்துக்குத் தேயிலை வந்துச்சு, ஸ்டோரு அதே ஸ்டோரு.

அதனால அங்க போனா சும்மா வேடிக்கை பாக்குற எடம்னு நெனைக்காதீங்க. நம்ம வீட்டு ஆளுங்க கை பட்ட சாமான் நூறு வருஷத்துக்கு மேல தங்கிப் போன எடம் அது.

எப்படி போறது?

பஸ்னா லேசு. ஹட்டன், நுவரெலியா, கண்டி பஸ்ஸெல்லாம் புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தைப் பக்கம்தான் எறக்கும், எறங்கி ரெண்டு எட்டு வச்சா மிதக்கும் சந்தை, அதுதான் வாவிக்கரை. ரயில்னா கோட்டை ஸ்டேசன்ல எறங்கணும், அங்கருந்தும் நடை தூரம்தான். பதுளையில இருந்து வர்றவங்களுக்கு ரயில் பாதை 290 கிலோமீட்டர் சொச்சம், நைட் மெயில்ல ஏறினா விடியக்காத்தால வந்து சேந்துருவீங்க, ஒரு நாள் தங்குற செலவும் மிச்சம். ஆனா மழைக்காலத்துல மண்சரிவுல லைன் நின்னு போகுறது நமக்குப் புதுசில்ல, கெளம்புறதுக்கு முன்ன ஸ்டேசனுக்கு ஒரு போன் போட்டு ரயில் ஓடுதான்னு கேட்டுக்கங்க.

எங்க தொடங்கி எங்க முடிக்கிறது? ஒரு நாள் போதுமா?

போதும், வெள்ளன தொடங்கினா. நான் கூட்டிட்டுப் போற வழி இதுதான்: மிதக்கும் சந்தையில தொடங்கி டி.ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமா நடந்து தாமரைக் கோபுரம், அங்கருந்து சுத்திக்கிட்டு கொம்பனித்தெரு, மத்தியானச் சாப்பாடு அங்கயே, வெயில் தாழ நவம் மாவத்தை வழியா கங்காராமை விகாரையும் அதோட சேந்த சீமா மாலகவும், பொழுது சாய காலிமுகத்திடல். எல்லாத்தையும் நடக்க முடியும், வயசானவங்க இருந்தா நடுவுல த்ரீவீல் பிடிங்க. த்ரீவீல் போன் ஆப்புல கூப்பிடுங்க இல்லாட்டி மீட்டர் போடச் சொல்லுங்க, ஒரு தடவ எங்க மாமா குடும்பம் ஏறி ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு பஸ்ல ஹட்டன் போற காச கொடுத்துட்டு எறங்கினாங்க, அந்த நாள் பூரா அவங்க மொகம் சரியில்ல.

மிதக்கும் சந்தை எப்படி, சாமான் வாங்கலாமா?

2014ல தொறந்தாங்க. அப்ப ஜே ஜேன்னு இருந்துச்சு, தண்ணிக்கு மேல பலகை நடைபாதை, சின்ன சின்னக் கடை, படகுல சாமான் விப்பாங்க. பொறவு கவனிக்காம விட்டு பல கடை பூட்டிக் கெடந்ததையும் பாத்திருக்கேன். அங்க போனா சாமான எதிர்பாக்காதீங்க, தண்ணிய எதிர்பாத்துப் போங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்குற அரை மணி நேரத்துல ஒரு டீ குடிச்சுட்டு நிக்க நல்ல எடம். துணிமணி வாங்கணும்னா எதுத்தாப்புல புறக்கோட்டையே இருக்கே.

தாமரைக் கோபுரத்துல ஏறலாமா? குடுக்குற காசுக்குத் தகுமா?

ஏறலாம். 350 மீட்டர் உசரம், 2019ல திறப்பு விழா வச்சாங்க, ஆனா சனத்த உள்ள விட்டது 2022 செப்டம்பர்லதான். அப்ப உள்ளூர் ஆளுக்கு 500 ரூவா, 2000 ரூவான்னு ரெண்டு வகை டிக்கட் இருந்துச்சு, வெல மாறும், போறதுக்கு முன்ன போன்ல பாருங்க.

தகுமான்னு கேட்டா, என் மனசுல பட்டதச் சொல்றேன். மேல நின்னு கீழ பாத்தா வாவி முழுசும் தெரியும், துறைமுகத்து கிரேன் தெரியும், ரயில் பாதை கோட்டைக்கு வர்றது தெரியும். மலையில இருந்து வந்த சாமான் எப்படி எறங்கி எங்க போச்சுன்னு பிள்ளைங்களுக்கு வெரல் நீட்டிக் காட்ட இதவிட நல்ல எடம் கெடையாது. இன்னொண்ணு, மழை விட்டு வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்குற காலையில கொழும்புல இருந்தே சிவனொளிபாத மலை தெரியும். நான் கடை மொட்டைமாடியில துணி காயப்போடப் போனப்ப ஒரு நாள் பாத்தேன், கிழக்கால நீலமா ஒரு கூம்பு. மஸ்கெலியாவுல எங்க பெரியம்மா வீட்டு வாசல்ல இருந்து தெனம் பாக்குற அதே மலை. அன்னைக்கு வேல ஓடல. அதனால மேல ஏறுறதுன்னா காலையிலயே ஏறுங்க, மத்தியானம் ஆச்சுன்னா மூட்டம் போட்டுரும்.

பழைய ஸ்டோர் கட்டிடம் ஏதாச்சும் இன்னும் இருக்கா, இல்ல எல்லாத்தையும் இடிச்சிட்டாங்களா?

நிறைய போயிருச்சு. மிச்சம் இருக்குறதுல சிலது வேற வேலைக்கு மாறியிருக்கு. கொம்பனித்தெருவுல பார்க் ஸ்ட்ரீட் மியூஸ்னு ஒரு சந்து, பழைய ஸ்டோருங்கள ரெஸ்டோரண்டா ஆக்கியிருக்காங்க, செங்கல் சுவரும் உசரமான கூரையும் அப்படியே இருக்கும், சாப்பாடு வெல நம்ம கைக்கு எட்டாது, ஆனா சந்துக்குள்ள நடந்து பாக்க யாரும் காசு கேக்க மாட்டாங்க. மருதானைப் பக்கம் திரிப்போலி மார்க்கெட்டுன்னு இருந்த பழைய ஸ்டோர் வரிசை இப்ப ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டின்னு கம்ப்யூட்டர் கம்பனிங்க இருக்குற எடம். கோட்டையில டச்சு ஆஸ்பத்திரி, 1600கள்ல கட்டினது, 2011ல திருத்தி கடையும் சாப்பாட்டுக்கடையுமா தொறந்தாங்க, அது ஏரியில இருந்து தள்ளி இருந்தாலும் பழசத் திருத்தி வச்சிருக்குறதப் பாக்கப் போகலாம்.

சுவரக் கிட்டப் போய்ப் பாருங்க. ஒரு ஸ்டோரு சுவத்துல நான் பாத்தது, ஜன்னல் எல்லாம் எட்டாத உசரத்துல சின்னதா, கம்பி போட்டு. எங்க தோட்டத்து இஸ்டோருல கொழுந்து வாடப் போடுற மாடிக்கு ஜன்னல் வரிசை வரிசையா பெருசா இருக்கும், காத்து வேணுமே. இங்க காத்து ஆகாது, தூள் பதம் போயிரும். ஒரே தேயிலைக்கு மேல ஒரு மாதிரி வீடு, கீழ ஒரு மாதிரி வீடு.

கொம்பனித்தெருவுக்கு ஏன் இங்கிலீஷ்ல ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவுன்னு பேரு வந்துச்சு?

ஒல்லாந்தர் காலத்துல ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்த அடிமைங்கள ராத்திரியில இங்கதான் அடைச்சு வச்சாங்க, சுத்தி தண்ணி, தண்ணியில முதலை, தப்பி ஓட வழியில்ல. பேரு அதுல இருந்து வந்தது. நம்ம ஆளுங்க வாயில எப்பவும் கொம்பனித்தெருதான்.

அங்க கியூ ரோட்டுல சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கு, கோபுரம் தூரத்துல இருந்தே தெரியும், ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க. அந்த ரோட்டுக்கு கியூன்னு பேரு வந்ததுக்கும் நம்ம மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1810 வாக்குல வெள்ளைக்காரன் லண்டன் கியூ தோட்டம் பேருலயே இங்க ஒரு பூங்கா வச்சான், அது பொறவு களுத்துறைக்கு மாறி, 1821ல பேராதனைக்கு வந்துச்சு. நாம டூர் போற பேராதனைத் தோட்டம் பொறந்த எடம் இந்த ஏரிக்கரைன்னு சொன்னா பிள்ளைங்க நம்ப மாட்டாங்க.

சாப்பாட்டுக்கு அங்க மலாய்க்காரங்க, முஸ்லிம் ஆளுங்க கடை நிறைய, புரியாணி, நாசி கோரெங்னு மலாய் பொரிச்ச சோறு, பாபத்னு மாட்டுக் குடல் கறி, பொழுது பட்டா கொத்து. தமிழ்ல தாராளமா பேசலாம், பெரும்பாலானவங்களுக்கு தமிழ் வரும்.

அந்தப் பக்கம் போனா ரியோ தியேட்டரப் பத்தியும் சொல்லணும். 1965ல ஒரு தமிழ்க் குடும்பம் கட்டின தியேட்டர், அந்தக் காலத்துல ஏசியோட பெரிய தெரையோட பேரு வாங்கினது. 83 ஜூலையில தமிழருக்கு எதிரான கலவரத்துல எரிச்சாங்க. கருகின சுவரோட ரொம்ப வருஷம் அப்படியே நின்னுச்சு, பொறவு அதே சுவருக்குள்ள ஓவியக் கண்காட்சியெல்லாம் வச்சாங்க. எங்க அப்பா அந்த ஜூலையில கொழும்புல இருந்து நடந்தும் லொறியிலயும் ஊருக்கு வந்தவரு, இந்தப் பேரச் சொன்னாலே பேச்ச நிறுத்திருவாரு.

அங்க இருந்த சனமெல்லாம் எங்க? இவ்வளவு கட்டிடம் வந்துருச்சே.

நல்ல கேள்வி. பெரிய பெரிய ஹோட்டல், அடுக்குமாடி வந்த எடத்துல முன்ன சின்ன வீடு, தோட்டம்னு சொல்ற குடியிருப்புங்க இருந்துச்சு. கொழும்புல தோட்டம்னா தேயிலை இல்ல, நெருக்கமான வீடுங்க இருக்குற எடம், நம்ம தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்த மாதிரியே. பல குடும்பத்த எழுப்பி மாடி வீட்டுக்கு அனுப்பினாங்க, மியூஸ் ஸ்ட்ரீட்டுல 2010ல வீட்ட இடிச்சதும் நடந்துச்சு. மாடி வீடு கெடச்சு நல்லா இருக்கோம்னு சொன்னவங்களும் எனக்குத் தெரியும், வாசல் போச்சு அக்கம்பக்கம் போச்சுன்னு அழுதவங்களும் தெரியும். லயத்துல இருந்து தனிவீடு கேட்டுப் போராடுற நமக்கு இது ரெண்டுமே வெளங்கும். கரை அழகா இருக்குன்னு போட்டோ எடுங்க, எடுக்கவேணாம்னு சொல்லல, அந்த எடத்துல யாரு இருந்தாங்கன்னும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

ஏரி நாத்தம் அடிக்குமாமே?

சில நாள் அடிக்கும், மறைக்க ஒண்ணும் இல்ல. பட்டணத்து கழிவுத் தண்ணி வருஷக்கணக்கா அதுலதான் கலந்துச்சு, அதனால பாசி பிடிச்சு பச்சையா கெடக்கும், வெயில் காலத்துல கூடும். முன்னுக்கு இப்ப எவ்வளவோ மேல். கூழக்கடா பறவைங்க கூட்டமா கம்பத்து மேல உக்காந்திருக்கும், நம்ம பக்கம் பாக்காத பறவை, பிள்ளைங்க வாயப் பொளந்துட்டு நிப்பாங்க. ஒரு தடவ எங்க அண்ணன் மகன் அரை மணி நேரம் ஒரே ஒரு கூழக்கடாவ பாத்துட்டு நின்னான், அது அலகுப் பையில மீன வச்சு தலைய மேல தூக்கி ஆட்டி ஆட்டி உள்ள எறக்குற வரைக்கும் நகரல.

கங்காராமை, சீமா மாலக பாக்க ஏதும் கட்டுப்பாடு இருக்கா?

தோளும் முட்டியும் மூடின உடுப்பு, செருப்ப வெளியில கழட்டணும், வெயில்ல தரை சுடும், மேசு போட்டுட்டுப் போங்க. சீமா மாலக தண்ணிக்கு நடுவுல இருக்கு, 70கள்ல ஜெப்ரி பாவா வரைஞ்ச கட்டிடம், நீலக் கூரையும் மரமுமா மனசு அடங்கிப்போகும். பெப்ரவரி பௌர்ணமி சமயத்துல நவம் பெரஹெரன்னு பெரிய ஊர்வலம் நடக்கும், அப்ப கூட்டமும் ரோட்டு மூடுறதும் ஜாஸ்தி. பக்கத்துலயே அன்னப் பறவை மாதிரி செஞ்ச மிதி படகு இருக்கு, பிள்ளைங்களுக்கு அதுதான் டூரே.

வெயில் தாங்குவோமா?

கஷ்டம்தான். நம்ம ஒடம்பு குளிருக்குப் பழகினது, பத்து மணிக்கே தலை கிறுகிறுக்கும். தொப்பி, தண்ணிப் போத்தல், மத்தியானம் 12ல இருந்து 3 மணி வரைக்கும் நெழல். ஏப்ரல் லீவுல போறவங்க கூடுதல் கவனமா இருங்க. ஸ்வெட்டர் ரயிலுக்கு மட்டும்.

தேயிலைத் தொழிலாளிக்குன்னு அந்தக் கரையில ஏதாச்சும் நினைவுச்சின்னம் இருக்கா?

நான் சுத்தின வரைக்கும் ஒரு பலகைகூடக் கண்ணுல படல. எனக்கு அது மனசுக்குள்ள குத்திக்கிட்டே இருக்கு. 2023ல மலையகத்து ஆளுங்க நாம இந்தியாவுல இருந்து இங்க வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, வந்த பாதைய நடந்து காட்டின மாதிரி, பெட்டி போன பாதைக்கும் ஒரு அடையாளம் வேணும். ஏரிக்கரையில ஒரு கல்லு, மூணு பாஷையில ரெண்டு வரி, இந்த வழியாத்தான் மலையகத்து உழைப்பு கப்பல் ஏறிச்சுன்னு. நகரத்த அழகாக்குற திட்டத்துல அது ஒரு பெரிய செலவா? நம்ம பிரதிநிதிங்க காதுல இத யாராச்சும் போட்டா நல்லது.

அது வர்ற வரைக்கும், தொழிலாளியோட கதையப் பாக்கணும்னா கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துல தோட்டத் தொழிலாளர் மியூசியம் இருக்கு, லயக் காம்பராவுலயே வச்சிருக்காங்க. மிசினப் பாக்கணும்னா கண்டி ஹந்தானை டீ மியூசியம். ரெண்டையும் முன்னுக்குப் பாத்துட்டு கொழும்பு போனீங்கன்னா கதை முழுசாகும்.

காலிமுகத்திடல், போர்ட் சிட்டி ரெண்டும் அதே நாள்ல முடியுமா?

காலிமுகத்திடல் முடியும், இறால் வடையும் பட்டமும் கடல் காத்துமா பொழுது போயிரும். போர்ட் சிட்டி கடல நிரப்பி 269 ஹெக்டேயர் எடுத்த நிலம், கரையோர நடைபாதைக்கு சனத்த விடுறாங்க, நெழல் கம்மி, நேரம் மிஞ்சினா போங்க.

திரும்பி வர்றதுக்கு?

அதே பஸ்தியன் மாவத்தை. கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு காலையில எறங்கினப்பவே டைம் கீப்பர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, வெள்ளிக்கிழமை, நீண்ட லீவுக்கு முந்தின நாள்னா சீட்டே கெடைக்காது, ஒரு மணி நேரம் முன்ன போயிருங்க. ஐடென்டிட்டி கார்ட் எல்லாரும் கையில வச்சிருங்க. பஸ் ஏறுறதுக்கு முன்ன வாவிப் பக்கம் திரும்பிப் பாத்தா தாமரைக் கோபுரத்து லைட் தண்ணியில விழுந்து கலர் கலரா ஆடும், எங்க அம்மாயிய ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போனப்ப அவங்க அதப் பாத்துட்டு, இங்கதானா உங்க தாத்தா அடிச்ச பெட்டியெல்லாம் வந்துச்சுன்னு கேட்டுட்டு, பஸ் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தாங்க.